இறங்கி உருட்டு

மஸ்கட்டில் வாங்கியது.
பெட்டிதான், ஆனால் ஏறி உட்கார்ந்தால் போகும்.
இருபது கிலோ துணியும் பேரீச்சம்பழமும் அதன் வயிற்றில்,
முதுகில் நான்.
கட்டைவிரல் அழுத்தினால் ஓடும், எடுத்தால் நிற்கும்.
எங்கள் ஊர் மினிபஸ்ஸைவிட ஒழுக்கம்.

திருநெல்வேலி ஜங்ஷன், முதல் பிளாட்பாரம்,
ஏழு மணி இன்னும் ஆகவில்லை.
"ஏட்டி, பெட்டி ஓடுது பாரு!"
பல் விளக்கிக்கொண்டிருந்தவள் நுரையோடு சொன்னாள்.

கூட வந்த புத்தகத்தில் சீனமும் அரபியும்.
படத்தில் புரிந்தது ஒன்றுதான்: மழையில் நனைக்காதே.
மனுசரைப் பற்றி ஒரு படமும் இல்லை.
ஆகவே சட்டங்கள் நானே போட்டுக்கொண்டவை:

மஞ்சள் புள்ளிக் கற்கள்மேல் ஏற்றக் கூடாது,
அது கோல் ஊன்றி வருகிறவரின் பாதை.
தூங்குகிறவர் கால் நீட்டியிருந்தால்
சுற்றிப் போக வேண்டியது நாம்.
தலைச்சுமைக்காரருக்குப் பின்னால் ஹாரன் அடிப்பது பாவம்,
அவர் திரும்பினால் சுமையும் திரும்பும்.
ரயில் வந்து நின்றால் வாசலுக்கு எதிரே ஓட்டக் கூடாது.
குழந்தை கேட்டால் ஒரு ரவுண்டு.
அதன் அம்மா கேட்டாலும்.

தண்ணீர்க் குழாய் தாண்டி ஒரு பெஞ்சு.
வெள்ளைச் சட்டை, விரித்த பேப்பர்.
பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது:
"எறங்கி உருட்டு."

இரண்டே வார்த்தை.
எங்கள் வீட்டில் அதற்கு நீளம் உண்டு,
இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு.
பம்ப்செட் முக்கில் தொடங்கி
மேலத்தெரு ஆர்ச் முடிகிறவரை
அப்பா சைக்கிளை விட்டு இறங்கி நடந்த தூரம்.
கேரியரில் பீடிக் கட்டு.
பாரில் இருந்த என்னையும் இறக்கிவிடுவார்.
யாரும் உட்காராத சீட்டோடு
சைக்கிள் மட்டும் ராஜா மாதிரி நடுவில் வரும்.
ஏம்பா என்று கேட்டதற்கு
செயின் சூடாயிட்டு என்றார்.
தினமும் அதே முக்கில் சூடாகிற செயின்.

நான் இறங்கவில்லை.
விரல் தானாகவே அழுத்திவிட்டது.

நாலடிதான்.
பிளாட்பாரத்தை அப்போதுதான் கழுவியிருந்தார்கள்.
பெட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்,
ஒற்றைச் செருப்பு போய்
தண்டவாளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது.

"அவுகதான் சொன்னாகல்லா தாயி"
மாப்பைச் சாய்த்துவிட்டு ஓடிவந்தாள் பேச்சித்தாய்,
சட்டையில் பெயர் குத்தியிருந்தது.
"எறங்குன்னுதான் சொன்னாரு. ஈரம்னு சொல்லலையே."

பேப்பரை மடித்துவிட்டு அவரும் வந்தார்,
என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.
அந்தக் கையையும் செருப்பையும்
எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பார்த்தேன்.
இப்போது எந்த ஊர் என்று கேட்பார்,
பிறகு எந்தத் தெரு என்று.
பதில் நாக்கில் கூராகக் காத்திருந்தது.
"அடி பட்டுச்சாம்மா?" என்றார்.
"பேட்டரிக்குள்ள தண்ணி போயிருக்காதுல்லா?"

அவ்வளவுதான். நல்லவரா என்று தெரியாது.
முழங்கை எரிந்தது.
சட்டத்தில் ஒரு வரி சேர்த்தேன்:
இறங்கச் சொல்கிறவர்
காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.
ஈரம் என்றால் ஈரம் என்று.

ஆட்டோ பம்ப்செட் முக்கோடு நின்றுவிட்டது.
வாய்க்கால் வேலை, இதுக்கு மேல போகாதுக்கா.
பெட்டியை இறக்கி வைத்தேன்.
பேட்டரி பதினொரு சதவீதம்.
தரை காய்ந்திருந்தது, குனிந்து தொட்டே பார்த்தேன்.

ஏறி உட்கார்ந்தேன்.
ஹாரன் அடிக்கவில்லை. நீல விளக்கை அணைத்துவிட்டேன்.
ஒரு கோழி குறுக்கே வந்தது, நின்றேன்,
அது யோசித்து முடிக்கிறவரை.
கதவோரம் இரண்டு மூன்று முகங்கள்.
யாரும் எதுவும் சொல்லவில்லை, அல்லது
சொன்னது கேட்கவில்லை.
ஆர்ச்சுக்குக் கொஞ்சம் முன்னால்
யாரோ பாதி ரோட்டில் உளுந்து காயப்போட்டிருந்தார்கள்.
ஓரமாக வளைத்து ஓட்டினேன்.
ஒரு மணிகூட நசுங்கவில்லை.