குலுக்கினால் போதும்

ஸ்டுட்கார்ட் பயணச் சந்தை, ஆறாம் கூடம்.
கிரேக்கத்துக்கும் ஒரு கப்பல் கம்பெனிக்கும் நடுவே
எங்கள் ஓமன்.
பன்னிரண்டடிக்கு எட்டடி.
பிளாஸ்டிக்கில் ஒரு குந்துருக்க மரம்,
அட்டையில் ஒரு கோட்டை,
புகை கூடாதென்று தீயணைப்புக்காரர் சொல்லிவிட்டதால்
கனலில்லாத ஒரு தூபக்கால்.

நான்கு நாள் கூலிக்கு நான்.
சலாலா ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் ஊசி போட்டவள்,
இப்போது இங்கே முதியோர் இல்லத்தில்.
அரபியும் ஜெர்மனும் வருமா என்றார்கள்.
வலிக்கிறதா, எங்கே, எத்தனை நாளாக?
இரண்டிலும் வரும் என்றேன்.
பச்சை அங்கி ஒன்று தந்து
நெஞ்சில் 'ஜெசிந்தா' என்று குத்திவிட்டார்கள்.

முதல் அரைமணியில் மூன்று பேர்
என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.
நாகர்கோவில் என்று நான் வாயெடுப்பதற்குள்
நன்றி சொல்லி நகர்ந்தார்கள்.
யார் யார் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலோ
இனி நான் ஓமானியப் பெண்.

துபாய்க்குப் பக்கமா?
பீர் கிடைக்குமா?
ஒட்டகம் கடிக்குமா?
கடிக்கும், இரண்டு பேருக்குத் தையல் போட
நூல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன் என்றேன்.
பகீத் அரபியில் இருமினார்.

பகீத் சுற்றுலாத் துறை, மலைக்காரர்.
அவர் வீட்டில் பேசுவது அரபி அல்ல,
பள்ளிக்கூடத்தில் எழுத்தறியாத வேறொன்று.
கையேட்டில் அது இல்லையே என்றேன்.
எந்த எழுத்தில் போடுவது என்று சிரித்தார்.

நல்ல வெயில் எந்த மாதம்?
ஒரு தம்பதி, கையில் நனைந்த குடை.
வெயில் வேண்டுமானால் மஸ்கட்.
சலாலாவுக்கு ஜூலையில் வாருங்கள், நனைய.
ரியாத்திலிருந்து இரண்டு நாள் காரோட்டி வருகிறார்கள்
அந்தத் தூறலில் பாய் விரித்து உட்கார.
பழுப்பு மலை சில நாளில் பச்சையாகும்.
முக்சைலில் பாறை ஓட்டை வழியே கடல் சீறும்.
நடுரோட்டில் ஒட்டகம் நிற்கும், பஸ்ஸும் நிற்கும்,
ஹார்ன் அடிக்க மாட்டார்கள்.
ஆனால் நல்ல குந்துருக்கம்
அந்த மழை எட்டாத
மலையின் முதுகுப் பக்கம்தான் வடியும்.
ஏன் அப்படி?
தெரியாது.
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு
கிரேக்கத்துக்குப் போனார்கள்.

மூன்றாம் நாள் வந்தவர் ஹெர் ஐசெலே,
ரயில் சிக்னலில் ஓய்வு பெற்றவர்.
கைப்பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில்
கால்வாசி ஏலக்காய்க் காபி.
குடித்தார். ஊற்றினார்.
குடித்தார். ஊற்றினார்.
மரியாதைக்கு மறுக்காமல் அவர்,
மரியாதைக்கு நிறுத்தாமல் இவர்.
நான் வரைபடம் தேடிக்கொண்டிருந்தேன்.
ஏழாவதில் ஐசெலேயின் கை நடுங்க
கிண்ணம் தானாக ஆடியது.
அங்கே அதுதான் 'போதும்'.
பகீத் குடுவையை நிமிர்த்தித் தலைசாய்த்து விலகினார்.
நான் மணிக்கட்டைப் பிடித்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு.

உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து,
வெறுங்கிண்ணத்தில் காட்டினேன்:
இப்படி, இடமும் வலமும், லேசாக.
முப்பத்திரண்டு பக்கம் அச்சடித்திருக்கிறீர்கள்,
இதைப் போடவில்லையே என்றார்.
மறுநாள் மனைவியோடு வந்து
எங்கள் கடை முன்னால் நின்று
போவோர் வருவோருக்கெல்லாம்
அவரே குலுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

கடைசி மாலை
மரத்தை மடித்துப் பெட்டியில் வைத்தோம்.
ட்ராம் நிறுத்தத்தில் கூரைக்கடியில் ஊரே நெருங்கி நிற்க
பகீத் மட்டும் வெளியே போய்
தலைத்துணியை அவிழ்த்துப் பையில் வைத்துவிட்டு
மழையில் உள்ளங்கையை நீட்டினார்.

கரீஃபா? என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பார்த்தார்.
இல்லை, சகோதரி, என்றார்.
இது வெறும் தண்ணீர்.

ஆனாலும் ட்ராம் வரும்வரை
உள்ளே வரவில்லை.