வியாழக்கிழமைக் கட்டு

ஆறேகால் படகில் இரண்டு கட்டுகள் ஏறும்.
ஒன்று ஒஸ்லோவிலிருந்து.
நேற்றே அச்சாகி,
பனிமூட்டத்தில் விமான நிலையத்தில் ஓர் இரவு கிடந்து,
பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்தபடி வரும்.
மற்றது அக்கரை அச்சகத்திலிருந்து,
சணல் கயிற்றில்,
என் கையுறையில் மை ஒட்டும் சூட்டோடு.

தூக்கி இறக்குவது நான்.
எடை எனக்குத் தெரியும்.
ஒஸ்லோ தாள் பதினொன்று.
'நீரிணைச் செய்தி' நானூற்று இருபது.
தீவில் வீடுகள் நானூற்றுப் பதினெட்டு.
மிச்சத்தில் ஒன்று பள்ளிக்கூடத்துக்கு,
இன்னொன்று,
தன் பெயர் அச்சில் வந்தால்
இரண்டாக வாங்கும் குன்வோருக்கு.
அவள் பெயர் எப்படியும் வந்துவிடும்.

ஒஸ்லோ தாளையும் படிக்கிறேன்,
கரைக்கு இருபது நிமிடம் இருக்கும்போது.
வட்டி ஏறுகிறது. அமைச்சர் விலகுகிறார்.
எங்கோ ஒரு நகரம் எரிகிறது.
எல்லாம் உண்மை, எல்லாம் பெரியது.
படித்து முடித்து
என்ன செய்வதென்று தெரியாமல்
கை கழுவிக்கொள்கிறேன்.

இதில்:
கிழக்குச் சுரங்கப்பாதை செவ்வாய் இரவு பத்துக்கு மூடப்படும்.
முன்பல் விழுந்த எம்ப்லாவுக்கு ஆறு வயது,
வாழ்த்துவோர் அம்மா, அப்பா, நாய் புஸ்டர்.
மீன் ஆலை முக்குத் தெருவிளக்கு பற்றி
ஊராட்சியில் மூன்றாவது வாரமாகச் சண்டை.
தேவாலய வாசலில் கண்டெடுத்தது
நீலக் கையுறை ஒன்று, இடது கை.
அப்புறம், நான் முதலில் புரட்டும் மூலை:
'திருத்தம்.
யூஸ்டெய்ன் பிடித்த ஹாலிபட் மீன்
தொண்ணூற்றாறு கிலோ என்று வெளியிட்டிருந்தோம்.
எண்பத்தாறு.
தகவல் தந்தவர் அவரது மைத்துனர்.'

ஒஸ்லோ தாளிலும் நாங்கள் வந்திருக்கிறோம்,
ஒரே ஒருமுறை.
படகுக் கொட்டகைகளின் கூரை பறந்த ஜனவரியில்,
அரைப் பக்கம்.
படத்தில் இரட்டைக் கொடுமுடி மலை.
எங்களுடையது ஒற்றை.
நாடு முழுக்க
வேறொரு தீவைப் பார்த்து
எங்களுக்காக இரங்கியது.
யாரும் திருத்தவில்லை.

இதனால் உள்ளூர்த் தாள் தங்கம் என்று
சொல்ல வரவில்லை நான்.

போன மார்ச். மூன்றாம் பக்கம்.
'குடிபோதையில் படகை
அலைத்தடுப்பில் மோதியவர்
தெற்குக் கரையைச் சேர்ந்த
நாற்பத்து மூன்று வயது ஆண்.'
பெயர் போடாத நாகரிகம்.
தெற்குக் கரையில்
நாற்பத்து மூன்று வயது ஆண் ஒருவன்தான்.
என் தம்பி.

அந்தக் காலை
தீவில் வேறு யாரும் படிக்குமுன் நான் படித்தேன்.
கட்டு என் கையில்.
கடல் ஒரு சாண் தள்ளி.
சணல் கயிறு, நானூற்று இருபது தாள்,
தண்ணீரில் போட்டால் சத்தம்கூடப் பெரிதாக வராது.
போட்டிருந்தால்
அடுத்த வியாழன் முதல் பக்கத்தில் நான்.
இறக்கி வைத்தேன்.
கொஞ்சம் ஓங்கித்தான்.

எழுதிய சோல்வி மாலைப் படகில் வந்தாள்.
அவள் கார்ச் சக்கரத்துக்கு ஆப்பு வைப்பதும் நான்தான்.
கண்ணாடியை இறக்கினாள்.
மன்னிப்புக் கேட்கவில்லை.
'எழுதினதில் தப்பு இருக்கா?'
மழை உள்ளே விழுந்துகொண்டிருந்தது,
அவள் மடியில், ரொட்டிப் பையில்.
ஏற்றவில்லை கண்ணாடியை.
'இல்லை' என்றேன்.
அக்கரை வரை அதற்குமேல் பேசவில்லை.

தப்பு இருந்தது.
கண்டுபிடித்தது தம்பி.
நான்கு நாள் கதவைத் திறக்காதவன்
ஐந்தாம் நாள் தொலைபேசியை எடுத்திருக்கிறான்.
அடுத்த வியாழன், அதே மூலை:
'திருத்தம்.
படகு மோதியது வலப்பக்கம் அல்ல, இடப்பக்கம்.
தெரிவித்தவர் தூர்மூட் நெஸ்ஹைம், தெற்குக் கரை.'

பெயரை அவனே சொல்லியிருக்கிறான்,
எழுத்துக் கூட்டி.

அந்த வாரம் கடையில்
இரண்டு வாங்கினானாம்.
குன்வோருக்கு ஒன்று குறைந்துபோய்
என்னிடம் வந்து சத்தம் போட்டாள்.

இன்று காற்று வடமேற்கு.
படகு பத்து நிமிடம் தாமதம்.
தெருவிளக்கு முடிவாகவில்லை.
நீலக் கையுறையைக் கேட்டு
இன்னும் யாரும் வரவில்லை.