மூன்று செக்கன்

ஒல்ட்டன் ஸ்டேஷனுக்குப் பின்னால்,
நகம் திருத்தும் கடைக்கு மேல்மாடி.
கிருபைராசா பென்டிரைவை மேசையில் வைத்தான்.
"ஜேர்மனியில பெரியத்தானிட்ட இன்னும் டிவிடி பிளேயர்தான்.
இறுவட்டா அடிச்சுத் தாங்கோ அண்ணை.
வாயும் சத்தமும் சேருதில்லை,
அதையும் ஒருக்காப் பாருங்கோ."

பார்த்தேன்.
முதல் நிமிடம் பழுதில்லை.
பத்தாவதில் கதவு சாத்தும் சத்தம் வந்தபிறகு
கதவு சாத்தியது.
முப்பதில் தும்மல் கேட்டது,
அப்புறம்தான் யாரோ மூக்கைச் சுருக்கினார்கள்.
நாற்பத்தோராவதில்
பதிவாளர் ஷ்டூடர் வாய் திறக்க முன்னமே
அவர் கேள்வி முடிந்திருந்தது.
உதடு அசைய அசைய
சத்தமே இல்லை.
அசைவு ஓய்வதற்குள்
யசோதினியின் குரல்: "யா."
கேட்டு முடியமுன் சம்மதித்தவள் என்று
சிரித்தேன். தனியே இருந்து சிரிப்பது
இந்தத் தொழிலில் வழக்கம்.

ஒரே அளவாய்ப் பிசகினால் சின்ன நோய்,
பிடித்து நகர்த்தினால் தீரும்.
இது வட்டிபோல் ஏறுகிற பிழை.
ஒலியைத் தனியே உரித்தெடுத்தேன்.
நாற்பத்து நாலாயிரத்து நூறை
நாற்பத்து எண்ணாயிரமாக்கினேன்
(டிவிடிக்கு அதுதான் செமிக்கும்),
இழுத்து நீட்டினேன்.
தலை பொருந்தியது, வால் பொருந்தியது,
வயிறு பொருந்தவில்லை.

மூன்றாம் இரவுதான் பிடிபட்டது.
குற்றம் ஒலியில் இல்லை.
படமெடுத்த போன்
இருட்டு மூலையில் செக்கனுக்கு இருபத்துநாலு,
ஜன்னல் பக்கம் திரும்பினால் முப்பது என்று
தன் பாட்டுக்கு எண்ணியிருக்கிறது.
மென்பொருளோ எல்லாம் ஒரே இடைவெளி என நம்பி
அடுக்கிவிட்டது, பாவம்.
படத்தை முதலில் இருபத்தைந்தாய்க் கட்டினேன்.
நீட்டிய ஒலியைப் பழையபடி சுருங்கவிட்டேன்.
அது ஓடட்டும் என்று வேலைக்கு இறங்கினேன்.

விடியப்புறம் நாலரை. பேக்கரிக்குப் போகும் முதல் ரயில்.
பிளாட்பாரக் கடிகாரத்தின் சிவப்பு முள்
சுற்றை அவசரமாய் முடித்துவிட்டு
பன்னிரண்டில் நின்றது,
நிமிட முள் துள்ளும்வரை.
ஆயிரம் தரம் கண்டதுதான்.

பின்னேரம் ஓடவிட்டேன்.
கதவும் சத்தமும் ஒன்றாய்ச் சாத்தின.
தும்மல் மூக்கிலிருந்தே வந்தது.
ஷ்டூடர் கேட்டார். கேட்டு வாயை மூடினார்.
பிறகு ஒன்றுமில்லை.
ஒலியலை நேர்கோடாய்ப் படுத்துக் கிடந்தது,
எழுபத்தைந்து பிரேம்.
யசோதினி மேசையிலிருந்த பேனையைப் பார்க்கிறாள்.
கிருபைராசா போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.
"யா."

கோளாறு என்று நான் எண்ணியிருந்த மௌனம்
அவளுடையது.
ஷ்டூடரின் உதடுகள்
அதை மறைத்துக்கொண்டு நின்றிருக்கின்றன.

கிருபைராசா வந்தான். இரண்டு தரம் பார்த்தான்.
"இன்னும் சரிவரேல்லைப் போல."
"சரிவந்திட்டுது."
"அந்த இடத்தில கொஞ்சம் வெட்டலாம்தானே?"
வெட்டலாம். இரண்டு கீறல், ஒரு பொத்தான்.
படமும் ஒலியும் சேர்ந்தே போகும்,
ஒரு நூல்கூட நழுவாது.
வெட்டினேன்.
இருபத்தைந்து பிராங்க் தந்தான், மிச்சம் வேண்டவில்லை.

வியாழக்கிழமை அவள் கோல் எடுத்தாள்.
"அண்ணை, அதில நான் உடன சொல்லுறன்."
"ஓம்."
"நான் உடன சொல்லேல்லை."
பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம்,
ஏதோ மெஷின் இரைச்சல்.
"வெட்டாத கொப்பி இருக்கோ?"

புது இறுவட்டைத் தட்டில் வைத்தேன்.
மார்க்கரால் அதே இரண்டு பெயர், அதே தேதி.
குமிழ் உறையில் போட்டு
சோபிங்கனில் அவள் வேலைசெய்யும்
பல்வைத்தியரின் விலாசத்தை எழுதினேன்.
அப்படித்தான் கேட்டிருந்தாள்.