இருபத்தாறு

குடியாத்தம், தரணம்பேட்டை.
மூன்று வயது அஃப்ராவுக்காக
என் பையில் பத்து மரக்கட்டைகள், படங்கள்,
டிக் அடிக்க ஒரு படிவம்.

நாயைக் காட்டினேன். பேச்சில்லை.
குடையைக் காட்டினேன். பேச்சில்லை.
"பேச்சுக் குடுத்தா கை நின்னுடும் மேடம்,
இன்னிக்குள்ள ஆயிரம் சுத்தணும்"
நிமிராமலே தில்ஷாத்.
முறத்தில் பீடி இலை, தூள், நூல்.
உதட்டுக்குள் ஓடும் எண்ணிக்கை.

அந்த முணுமுணுப்பைத்தான்
பாலோடு குடித்திருக்கிறாள்.
கட்டைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள்,
பிறகு படங்களை, என் வளையல்களை, ஜன்னல் கம்பிகளை:
இருபத்தி மூணு, இருபத்தி நாலு, இருபத்தஞ்சு.
காற்றில் ஒரு முடிச்சு.
மறுபடி ஒண்ணு.
ஒரு கட்டோடு தீர்ந்துபோகிற உலகம்.
என் படிவத்தில் இதற்குக் கட்டமில்லை.

கரண்ட் போனது.
தில்ஷாத்தின் கைகள் மடியில் விழுந்தன.
அரையிருட்டில் மகள் அவற்றை எண்ணினாள்,
என் விரல்கள் பத்தையும்,
தன் இடது காலையும்.
இருபத்தஞ்சு. நின்றாள்.

வலது கால் கட்டைவிரலைப் பிடித்து ஆட்டி
"இருபத்தாறு" என்றாள் தில்ஷாத்.

அஃப்ரா அம்மாவின் வாயையே பார்த்தாள்.
அப்புறம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தாள்.

அம்மாவின் கால்விரல் இரண்டு மிச்சமிருக்க
முப்பத்தெட்டில்
கரண்ட் வந்துவிட்டது.