பாதிப் பெருக்கல் குறி

ஆட்டத்தில் இறங்கியவன் பெயருக்கு நேரே
ஒரு பெருக்கல் குறி போட வேண்டும்.
தொடக்கத்திலேயே இறங்கியவன் என்றால்
அதைச் சுற்றி ஒரு வட்டம்.
முதல், மூன்றாம் கால் ஆட்டத்துக்குச் சிவப்பு மை,
மற்ற இரண்டுக்கும் நீலம்.
சேன் ஆந்த்ரே அரங்கின் ஓர மேசையில்
பத்தொன்பது வருடம் எனக்கு இதுதான் வேலை.
கைதட்ட அனுமதியில்லை.

ஒன்பது இறுதி ஆட்டத் தாள்களின் நகல்
என் அலமாரியில் இருக்கிறது.
ஒன்பதிலும் பதினான்காம் எண்: எர்வே காதிவேல்.
கதிர்வேல்தான். முப்பாட்டன் கப்பலிறங்கிய நாளில்
பிரெஞ்சுக் குமாஸ்தா ஒரு ரகரத்தை விழுங்கிவிட்டான்.
எட்டுத் தாளில் அவன் கட்டம் வெள்ளை.

ஒன்பது கோப்பை. இந்த ரீயூனியன் தீவில்
சம்பளம் வாங்கிப் பந்தாடிய எவனுக்கும்
அத்தனை இல்லை.
ஆட்டத்துக்கு முப்பது புள்ளி குவித்த ஒலிவியே
மூன்றோடு முழங்காலைப் பிடித்துக்கொண்டு போனான்.
மடகாஸ்கரிலிருந்து வந்த ரசோலோ,
தாவினால் வளையத்தை மேலிருந்து பார்ப்பவன்,
அவனுக்கே நாலு.

மீன்கடையில் கேலி:
"பெஞ்சுக்கும்தான் ஒன்பது கோப்பை.
பெஞ்சு சம்பளம் கேட்டதில்லை."
ரேடியோக்காரன் சொன்னான்,
கடல் தாண்டிய பெரிய லீக்கில் ஒருவன்
பதினோரு தடவை வென்றானாம்,
மோதிரத்துக்கு விரல் போதவில்லையாம்.
நமக்குப் பதக்கம்தானே, கழுத்து ஒன்று போதும்
என்றான் காதிவேல்.
யாரும் சிரிக்கவில்லை.

நான் செவ்வாய்க்கிழமைகளைப் பார்த்திருக்கிறேன்.
பாதி விளக்கு அணைந்த கூடம்.
அந்த வாரம் எதிரணி யாரோ,
அதில் ஆபத்தானவன் எவனோ,
அவனாகிவிடுவான்.
இடக்கைக்காரன் என்றால்
திங்கள் இரவே இடக்கையால் சோறு தின்பான்,
மரிலேன் தட்டை இழுத்து வைத்துக்கொள்வாள்.
சேன் பியேர் ஆட்டக்காரன் ஒருவன்
எறியுமுன் உதட்டை நனைப்பான். அதையும் செய்தான்.
வெள்ளி வரை ஒலிவியே அவனைத் தாண்டுவான்,
தாண்டுவான், தடுப்பான், மறுபடி தாண்டுவான்.
சனிக்கிழமை நிஜ எதிரி வந்து நிற்கும்போது
ஏற்கெனவே போட்டுக் கழற்றிய சட்டை மாதிரி இருப்பான்.

ஒன்பதை வெல்ல எத்தனை நூறு தோற்றான்
என்பதற்குத் தாளில் கட்டமில்லை.

ஒன்பதாவது. லிச்சிக் காலம்,
படிக்கட்டெல்லாம் தோல்.
பதினாறு புள்ளி முன்னிலை, இரண்டு வினாடி மிச்சம்.
பயிற்சியாளர் திரும்பிப் பார்க்காமலே விரலை அசைத்தார்.
மேல்சட்டையைக் கழற்றினான்,
உள்ளே பதினான்கு, மடிப்புக் கலையாமல்.
என் மேசையைத் தாண்டினான். கோட்டைத் தாண்டினான்.
நடுவர் பந்தை நீட்டினார்.
எறிய வேண்டியவன் வாங்கவில்லை,
அதற்குள் கூட்டம் இறங்கிவிட்டது.
கடிகாரத்தில் இரண்டு
இரண்டாகவே நின்றது.

ஆடினானா?
சட்டப் புத்தகத்தில் அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.
எறிகிறவன் கைக்கு வந்தால்தான் பந்துக்கு உயிர்.
நீலப் பேனாவை எடுத்தேன்.
மேலிருந்து கீழே ஒரு கோடு, சாய்வாக.
அடுத்த கோட்டுக்கு முன்
யாரும் என் தோளை இடிக்கவில்லை.
கையும் நடுங்கவில்லை.
நான்தான் நிறுத்தினேன்.

சங்கத்தில் கேட்டார்கள், இது என்ன குறி?
பேனா வழுக்கிவிட்டது என்றேன்.

இப்போது மஞ்சள் பேருந்து ஓட்டுகிறான்,
சேன் பெனுவா தடம்.
ஒரு பதக்கத்தின் நாடாவை மடித்து
ஆடும் ஜன்னல் கண்ணாடிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறான்.
நேற்று ஏறினேன்.
முன்னால் போன ஸ்கூட்டர்க்காரன் இடப்பக்கம் சாயுமுன்பே
இவன் தோள் இடப்பக்கம் சாய்ந்தது.
அடுத்த நிறுத்தத்தில் எழுந்து வந்து
"அந்தக் கோடு..." என்றேன்.
சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான்.
"ஆள் ஏறணும்" என்றான்,
"கொஞ்சம் உள்ளே போங்க."