நடுத்தண்ணீர்

பேச்சிப்பாறை அணைக்கரையில் டவர் பேர் சொல்ல ஒரு புள்ளி.
கூப்பிட்டால் கேட்கும், அனுப்பினால் போகாது.
படகில் கால்மணி நேரம் போனால்
பட்டுப்போன மரமொன்று
தண்ணீருக்கு மேல் தலை நீட்டும் இடத்தில்
மூன்று புள்ளி.
அதற்கப்பால் ஒன்றுமில்லை.
மலை, ரப்பர், அட்டை,
நான்கு காணிக்குடி,
என் பதிவேட்டில் பதினோரு கர்ப்பிணிகள்.

கைக்கணினி கொடுத்திருக்கிறார்கள்.
சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்தை
நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.
கடைசி மாதவிலக்குத் தேதி?
"நல்லமிளகு காயப்போட்டோமில்லியா,
மறுகிழமை ஒரு மழை பெஞ்சுதே,
அதுக்கு மறுநாளு" என்றாள் அம்பிளி.
அந்த மழையைத் தேடி
என் டைரியைப் புரட்டினேன்.
நனைந்த குடையோடு நான் திரும்பிய நாள்
பிப்ரவரி பதினேழு.
பதினெட்டு என்று போட்டேன்.
ஏற்றுக்கொண்டது.

கைபேசி எண்?
அதற்கும் நட்சத்திரம்.
குடியில் யாரிடமும் போன் இல்லை,
இருந்தாலும் அங்கே அது டார்ச்சுதான்.
எஞ்சினுக்குக் கயிறு சுற்றிக்கொண்டே
ஞானசிகாமணி சொன்னார்:
"எனக்க நம்பரப் போடுங்க சிஸ்டரே."
பதினோரு பேருக்கும் போட்டேன்.

அன்றுமுதல் மரத்தருகே எஞ்சின் நிற்கும்.
படகு தன்பாட்டில் வட்டமடிக்க,
எடை, பிரஷர், எட்டுப் புள்ளி நான்கு ரத்தம்
ஒவ்வொன்றாக மேலேறிப் போகும்.
அவர் சட்டைப்பை கூவும்.
ஓடிபி ஆறிலக்கத்தையும்
சங்கீதம் வாசிக்கிற குரலில் வாசிப்பார்.

பிறகு குறுஞ்செய்திகள் வரத்தொடங்கின.
அன்பான அம்பிளி, இது உங்கள் ஏழாவது மாதம்.
இடப்பக்கம் சரிந்து படுங்கள்.
அன்பான அம்பிளி, இன்று இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டீர்களா?
அறுபத்திரண்டு வயதில் மீசையைத் தடவியபடி,
"எனக்க பெண்டாட்டிகூட
இப்பிடி விசாரிச்சதில்ல" என்பார்.
ஆனால் வாழைக்குலை ஏற்றவரும் வேலப்பன் காணியிடம்
குலைக்கு விலை பேசுமுன் கேட்பார்,
"உனக்க மருமவ இடப்பக்கம் படுக்காளா?"

ஐப்பசியில் ஒரு வெள்ளி.
பகலில் நான் அழைத்தும் அம்பிளி வரவில்லை,
கிழங்கு பாதியில் கிடக்கிறது, நாளைக்கு என்றாள்.
நடுத்தண்ணீரில் ஏற்றிவிட்ட அவள் பிரஷரை
மாலையில் குலசேகரத்து டாக்டர் பார்த்திருக்கிறார்.
ஏழு மணிக்கு எனக்குப் போன்.
"சிஸ்டரே, எனக்குப் பிரஷர் கூடிப்போச்சாம்.
இன்னைக்கு ராத்திரியே ஆசாரிப்பள்ளத்துக்குப் போவணுமாம்."
ஆறுக்குமேல் படகு விடக்கூடாது என்றேன்.
"தெரியும். நான் போய் என்னைக்
கூட்டிட்டு வாறேன்."

கரையில் ஆம்புலன்ஸ் விளக்கு
மழையைச் சிவப்பாகவும் நீலமாகவும் நனைத்துக்கொண்டிருந்தது.
ஒன்பதரைக்கு எஞ்சின் சத்தம் கேட்டது.
தார்ப்பாயின்கீழ் அம்பிளி
இடப்பக்கம் சரிந்து படுத்திருந்தாள்.
இரண்டு கிலோ நூறு கிராம், பெண்.

ஷீஜாவுக்கு அப்படி அமையவில்லை.
எட்டாம் மாதம் வயிற்றிலேயே அசைவு நின்றது.
நான் பதிவு செய்தேன்.
மேலே ஒருவர் ஒப்புதல் தரவேண்டும், தரவில்லை.
அன்பான ஷீஜா, உங்கள் குழந்தை
இப்போது உங்கள் குரலைக் கேட்கும்.
போனை என்னிடம் நீட்டினார்.
"இத நிப்பாட்ட ஒரு பட்டன் இல்லியா?"
என் திரையில் இருந்த எல்லாவற்றையும்
தொட்டுப் பார்த்தேன்.

இன்று ஷீஜா படகில் வந்தாள்.
மடியில் மரச்சீனிச் சாக்கு,
முகம் தண்ணீர்ப் பக்கம்.
மரம் வந்தது.
ஞானசிகாமணி எஞ்சினை நிறுத்தவில்லை.
சட்டைப்பையில் வெளிச்சம் எழும்பவும்
கைப்பிடியை முழுக்க முறுக்கினார்.
அந்த இரைச்சலில் எதுவும் கூவவில்லை.
மூன்று புள்ளி, இரண்டு, ஒன்று.
அனுப்ப இயலவில்லை என்றது என் மடியில் கருவி.
இருக்கட்டும் என்று
மூடிவைத்தேன்.