ஒன்றின் இடம்

பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறுமுன்
சிக்கு நோர்லேலா எண்ணினார்.
இக்கரை இறங்கியதும் மறுபடி.
முப்பத்தொன்று இருக்கவேண்டும்,
முப்பதுதான்.
கவினேசுக்குக் காய்ச்சல் என்றேன்.
பொய்.
கட்டணம் நாற்பது வெள்ளி,
இன்றைக்குச் சனிக்கிழமை,
பாகான் டாலாமில் கார்களுக்கெல்லாம்
சனிக்கிழமைதான் அழுக்கு.

பீச் ஸ்திரீட்டில் ஒரு பழைய கிடங்கு.
உள்ளே ஏசிக் குளிரில் இன்காக்களின் மலைகள்.
சாந்து பூசாத சுவராம்,
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தாள்கூட நுழையாதாம்.
ரூபேந்திரன் மாதிரிச் சுவரில்
பஸ் கார்டைச் செருகினான்.
சுலபமாய் நுழைந்தது.
"இது ஈப்போவில் செய்தது" என்றாள் யேனி.

யேனி குஸ்கோக்காரி.
மலையில் பிறந்துவிட்டு
இங்கே கடல் படிக்கிறாள்.
அவள் மலாயில் ரகரம் எல்லாம்
எங்கள் றகரமாய் உருள்கிறது.
"நாசி கண்டார் உருளைக்கிழங்கு
எங்கள் ஊர்க்காரன், தெரியுமா?"
மதியச் சாப்பாட்டில்
அந்த ஊர்க்காரனை இரண்டு முறை கேட்டு வாங்கினோம்.

அதற்கு முன்,
கண்ணாடிக்குள் அந்தக் கயிறு.
ஒரு தாய்க்கயிறு, அதில் தொங்கும்
நூறு கயிறுகள், முடிச்சு முடிச்சாய்.
"சிக்கு இல்ல, கணக்கு" என்று யாரோ சொல்ல
தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் சிரித்தோம்.
சிக்கு திரும்பிப் பார்த்தார்.

மேலே பத்து, கீழே ஒன்று.
பத்துகளுக்குச் சாதா முடிச்சு.
தனி ஒன்றுக்கு மட்டும்
எட்டுப் போல் வளைந்த ஒரு முடிச்சு.
சுழியத்துக்கு?
"முடிச்சே கிடையாது.
இடத்தை விட்டுவிடுவார்கள்.
ஆனால் அளந்துதான் விடுவார்கள்."

பெயரட்டையின் கயிற்றைக் கழற்றினேன்.
மேலே மூன்று போட்டேன்.
கீழே நான்கு விரற்கடை
வெறும் கயிறு.
விரல் அங்கேயே போய்ப் போய் நின்றது.

திரும்பும் ஃபெர்ரியில் சிக்கு எண்ணி முடித்து,
"முப்பது, சரி" என்றார்.
நான் கடலைப் பார்த்தேன்.

கவினேஸ் முழங்கால்வரை நுரையில் நின்றான்.
"என்னா பாத்தீங்க?"
"உருளைக்கிழங்கு."
கயிற்றை நீட்டினேன்.
"மூணு முடிச்சா! யாருக்குக் கல்யாணம்?"
"பேசாம கீழே ஒண்ணு போடு.
எட்டு மாதிரி."

கையைத் துடைக்காமலே போட்டான்.
எட்டு மாதிரி வரவேயில்லை.
பிரித்துப் போடலாம் என்று பார்த்தேன்,
சோப்புத் தண்ணீரில் ஊறி
இறுகிப்போயிருந்தது.